பெட்டிக்குள் வந்த வீடு

மலிவு விலைப் பொம்மை வீட்டுத் தொகுப்பு இன்று எல்லோர் கைக்கும் எட்டும் பொருள். அதில் அடுத்தவர் வீட்டைக் கட்டுவதா, நம் வீட்டைக் கட்டுவதா? கட்சால் தீவில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்.

பெட்டியில் வந்து இறங்கும் வீடு கட்சாலுக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அதையடுத்து எழுந்த அலைகள் நிக்கோபார் தீவுகளின் கரையோரக் கிராமங்களை வழித்துக்கொண்டு போயின. பிழைத்தவர்களுக்கு முதலில் தகரக் கொட்டகைகள் வந்தன. பின்னர் 'நிரந்தரக் குடியிருப்புகள்' வந்தன. இரும்புத் தூண், சட்டம், பலகை, கூரைத் தகடு என்று பெரும்பாலான பொருள்கள் கடல் கடந்து கப்பலில் வந்து, வரைபடத்தைப் பார்த்துப் பொருத்தப்பட்டன. அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதும் இப்படி எழுந்த வீடுகள் 9,797. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி.

அதே உத்தி இன்று ஒரு செருப்புப் பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. 'டால் ஹவுஸ் கிட்' என்று விற்கப்படும் பொம்மை வீட்டுத் தொகுப்புகளில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைப்பவை உண்டு. பெரும்பாலானவை சீனத் தயாரிப்பு. லேசரால் வெட்டிய மெல்லிய ஒட்டுப்பலகை, எண் அச்சிட்ட பாகங்கள், சுவருக்கு ஒட்ட வண்ணத்தாள், திரைச்சீலைக்குத் துணித்துண்டு, மணி, கம்பி, பொட்டு விளக்கு, படம் போட்ட வழிகாட்டி - எல்லாம் ஒரே பெட்டிக்குள். கட்டி முடித்தால் கிடைப்பது ஐரோப்பியத் தெருமுனைக் காப்பிக்கடை, ஜப்பானியப் படுக்கையறை, கண்ணாடித் தோட்ட வீடு. அழகுதான். ஆனால் யாருடைய வீடு?

அரண்மனையும் லயமும்

பொம்மை வீடு பிறந்தபோது குழந்தைகளுக்காகப் பிறக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வச் சீமாட்டி செய்வித்த பொம்மை வீடு இப்போது அந்நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு ஆன செலவில் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்பார்கள். 1924-இல் வெம்ப்ளி கண்காட்சியில் கூட்டம் அலைமோதியது பிரிட்டன் அரசி மேரியின் பொம்மை வீட்டைப் பார்க்க. குழாயில் தண்ணீர், விளக்கில் மின்சாரம், ஏறி இறங்கும் லிஃப்ட், எழுத்தாளர்கள் கையால் எழுதிக் கொடுத்த விரல்நுனி அளவுப் புத்தகங்கள் எல்லாம் அதில் உண்டு. வடிவமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ். ஒரு கையால் இதை வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மறு கையால் அவர் வரைந்துகொண்டிருந்தது, இன்று ராஷ்டிரபதி பவனாக இருக்கும் தில்லி வைஸ்ராய் மாளிகையை.

தமிழருக்கும் இந்தக் கலை அந்நியமில்லை. கொலுப்படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவைத்து, தெப்பக்குளமும் மலைக்கோயிலும் சமைப்பதும் இதே வேலைதான். என்ன, அங்கே அளவுக்கணக்குப் பார்ப்பதில்லை. யானையைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பொம்மை வீட்டில் அந்தக் கணக்குதான் உயிர். உலகெங்கும் வழங்கும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு: நிஜத்தில் ஓர் அடி, பொம்மையில் ஓர் அங்குலம். மலிவுத் தொகுப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கு இருபத்துநான்கு: ஓர் அடி, அரை அங்குலம். ஐந்தரை அடி மனிதர் இதில் இரண்டே முக்கால் அங்குலம்.

இந்தக் கணக்கு கட்சாலுக்கு எப்படிப் பொருந்தும்? நடு நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலின் பரப்பு ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டர். 2000-ஆம் ஆண்டுப் பிறப்பின்போது முதல் சூரியோதயம் காணும் இடம் என்று விளம்பரம் பெற்ற தீவு. ஐந்தாண்டுகள் கழித்து உலகம் அதன் பெயரை மறுபடி கேட்டது, இழப்புப் பட்டியலில். 2001 கணக்கெடுப்பில் 5,312 பேர். 2011-இல் 2,685 பேர். இறந்தவர்கள் போக, தீவைவிட்டு வெளியேறியவர்களும் இந்த வித்தியாசத்தில் அடக்கம்.

இங்கே இரண்டு வகை வீடுகளின் நினைவு இருக்கிறது. ஒன்று நிக்கோபாரிகளின் வட்ட வீடு. மற்றொன்று தமிழர்களின் லயம். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட 5,25,000 மலையகத் தமிழரில் சில குடும்பங்கள் கட்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவந்தது லயத்து அறையை. வரிசையாக அறைகள், பொதுவான கூரை, முன்னே சிறு திண்ணை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது லயத்து அறைக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஒன்றுக்கு இருபத்துநான்கு கணக்கில் இது ஐந்து அங்குலத்துக்கு ஆறு அங்குலம். சதுர அறைகளாக வரும் மலிவுத் தொகுப்பின் ஓர் அறையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

கட்டும் முறை

ஆக, தொகுப்பை வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, வழிகாட்டியை முழுவதும் படித்துவிட்டு அதில் பாதியை ஒதுக்கிவைப்பது. சட்டங்களும் தரையும் சுவரும் பயன்படும். காப்பிக்கடைப் பெயர்ப்பலகையும் ரோஜா வண்ணத்தாளும் வேண்டாம்.

இரண்டாவது, பசையைத் தொடாமல் எல்லாப் பாகங்களையும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். சுவரை ஒட்டிய பிறகு விளக்குக் கம்பி உள்ளே போகவில்லை என்று தெரியவரும். கம்பி முதலில், சுவர் பிறகு. மரத்துக்கு வெள்ளைப் பசை போதும். உலர நேரமெடுக்கும், ஆனால் தப்பாக வைத்ததைத் திருப்பி வைக்க அவகாசம் தரும். நொடியில் பிடிக்கும் பசையின் ஆவி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வெண்புகையாகப் படிந்துவிடும். ஜன்னல் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது, ஈரம். தீவுக் காற்றில் மெல்லிய பலகை ஒருபக்கம் மட்டும் வண்ணம் பூசினால் வளைந்துகொள்ளும். இரண்டு பக்கமும் பூச வேண்டும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் காகிதமும் பசையும் விருந்து; முடித்தபின் ஒரு கை வார்னிஷ் அவசியம். விளக்கின் பட்டன் பேட்டரியை வேலை முடிந்ததும் கழற்றி வைக்காவிட்டால் உப்புக்காற்றில் துரு ஏறும்.

லயத்துக்கு அதற்குமேல் பெரிய வித்தை தேவையில்லை. பெட்டிக்குள் வரும் அட்டையை மடித்து மடித்து நெளிவாக்கினால் தகரக் கூரை. கெட்டியான தேயிலைச் சாயம் பூசினால் புதுப் பலகைக்கு ஐம்பது வயதாகிவிடும், லயத்துக்கு அது பொருத்தமான சாயமும்கூட. அடுப்புப் பக்கச் சுவருக்குக் கொஞ்சம் கரித்தூள். கிழிந்த கோரைப்பாயின் ஓரத்தில் வெட்டியது ஒரு பாய்.

வட்ட வீடு அவ்வளவு எளிதில் வசப்படாது. தேன்கூடு போல் உருண்ட கூரை; தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் மரத்தூண்கள்மேல் நிற்கும் தளம்; ஏறிப்போக ஏணி. எலி ஏறாதபடி தூண்களில் வழுவழுப்பான மர வட்டுகளைச் செருகியிருப்பார்கள். ஆணிக்குப் பதில் கட்டு. வீட்டுக்கு அடியில் கோழியும் பன்றியும். இந்த வீட்டுக்குத் தொகுப்பின் சுவர்கள் உதவாது. தரைப்பலகையும் குச்சிகளும் உதவும்.

இருபது அடி விட்டமுள்ள வீடு என்று வைத்துக்கொண்டால் பத்து அங்குல வட்டத் தளம். ஏழடித் தூணுக்கு மூன்றரை அங்குலக் குச்சி. எலி வட்டுக்குச் சட்டைப் பொத்தானை மிஞ்சிய பொருளில்லை. கூரைக்கு ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் காகிதக் கூழ் அப்பிக் காயவைத்து எடுத்தால் உருண்ட கூடு கிடைக்கும். அதன்மேல் பூந்துடைப்பத்தின் இழைகளைக் கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி, ஒன்றின் தலையை மற்றொன்று மூடும்படி அடுக்கி ஒட்ட வேண்டும். நிஜக் கூரையும் இப்படித்தான் வேயப்படுகிறது. தலைகீழாக அடுக்கினால் மழை உள்ளே வந்துவிடும். தூணும் தளமும் சேரும் இடத்தில் பசைக்குமேல் நூல் சுற்றிக் கட்டிவிட்டால் ஆணியில்லாத வீட்டின் முகம் வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் நிதானம் தேவை. நோயும் தீய ஆவியும் அண்டாமலிருக்க வீட்டில் மனித, விலங்கு மரவுருவங்களை வைப்பது நடு நிக்கோபாரின் பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய ஆங்கில அதிகாரி எட்வர்ட் ஹொரேஸ் மேன் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். அவை விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. அழகுக்காக அவற்றின் நகலைச் செய்து மூலையில் நிறுத்துவது, பூஜையறைச் சாமான்களைச் சொப்பாக்குவதற்குச் சமம்.

அளவு சொல்லும் சாட்சி

பொம்மை வீடு சாட்சி சொல்லவும் வல்லது என்று காட்டியவர் அமெரிக்கப் பெண்மணி ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1940-களில் அவர் மர்மச் சாவுகள் நிகழ்ந்த அறைகளைச் சின்னஞ்சிறு அளவில் செய்தார். போலீஸ்காரர்கள் அவற்றைப் பார்த்துத் துப்புத் துலக்கப் பழகினார்கள். ஜன்னல் எங்கே, நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் தவறினால் சாட்சியம் போயிற்று.

கட்சாலின் வீடுகளுக்கும் இதே விதி. நிரந்தரக் குடியிருப்புகள் உறுதியானவைதான். ஆனால் அவை தனிக் குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒதுக்கப்பட்டவை. பலர் சேர்ந்து வாழ்ந்த நிக்கோபாரிக் கூட்டுக் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்று, நடு நிக்கோபாரில் நீண்டகாலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் போன்ற அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பழியையும் அலைமீது போடுவதும் நியாயமில்லை. அதற்கு முன்பே சதுர வீடும் தகரக் கூரையும் தீவுகளில் பரவத் தொடங்கியிருந்தன. அலை, மிச்சத்தையும் ஒரே காலையில் முடித்துவைத்தது.

அன்று பிறந்த குழந்தைக்கு இன்று இருபது வயதுக்குமேல். ஏணியின் படிகள் எத்தனை, சமையல் எந்தப் பக்கம், பாட்டி எங்கே படுத்தாள் என்பதெல்லாம் முதியவர்களின் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குப் போனால் நிக்கோபாரி வீடு எப்படி இருந்தது என்று பொதுவாகத் தெரிந்துகொள்ளலாம். நம் வீடு எப்படி இருந்தது என்பதை அங்கே யாரும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவரை உட்காரவைத்துக் கேட்டு, அடியை அரை அங்குலமாக்கிக் குச்சியில் நிறுத்துவதற்கு ஒரு மலிவுத் தொகுப்பும் ஒரு விடுமுறையும் போதும். லயத்தில் பிறந்து கட்சாலில் முதுமையடைந்த தமிழர்களுக்கும் இது பொருந்தும்.

பழங்குடி மக்களின் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் வெளியார் அனுமதியின்றிக் கட்சாலில் கால்வைக்க முடியாது. 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து 400 கிலோமீட்டருக்குமேல் கடல்வழி. தொகுப்பில் ஒரு பாகம் குறைந்தால் கடைக்காரரிடம் சண்டை போடவும் வழியில்லை. ஆனால் தென்னை இருக்கிறது. ஈர்க்கும் சிரட்டையும் பாளையும் இருக்கின்றன. தொகுப்பில் இல்லாத பாகம் தீவில் கிடைக்கும். வீடு நம்முடையதாவது அந்த இடத்தில்தான்.

கடற்கரைப் பெண்கள் மணலில் சிற்றில் கட்டுவதும் அலை வந்து அழிப்பதும் தமிழ் இலக்கியத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழைய கதை. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் ஒரு பெண் வருகிறாள். தான் செய்த மணல் பாவையை அலை கொண்டுபோய்விட்டது என்ற கோபத்தில், அவள் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். கடல் தூர்ந்துவிடாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? கையில் மணல் இருந்தது. அள்ளினாள்.