மணல் மின்சாரத்தை உறிஞ்சாது!

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு மாலை. 14 வயதுப் பையனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாயைத் திறந்தால் நாக்குக்கு அடியில் மணல். மூக்கில் மணல். அதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் மூச்சுக்குழாயில் ட்யூப் போட முடிந்தது.

"கரண்ட் இறங்கட்டும்னு கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு வெச்சிருந்தோம் டாக்டர். அரை மணி நேரம் இருக்கும்" என்றார் அவனுடைய சித்தப்பா.

பண்ணை வீட்டு நீச்சல் குளம். பந்து ஃபில்டர் மோட்டாருக்குப் பின்னால் உருண்டிருக்கிறது. குளத்திலிருந்து ஏறிய ஈரத்தோடு அதை எடுக்கப் போனவன், மோட்டாரின் மேல் கை வைத்திருக்கிறான். மோட்டாரில் மின்கசிவு, எர்த் இல்லை. அவனைக் காப்பாற்ற எங்களால் முடியவில்லை.

பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் குளங்கள் பெருகிவிட்டன. கோடை வந்தால் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறோம். பெரும்பாலும் தாமதமாகவே பார்க்கிறோம்.

முதல் சில நிமிடங்கள்

மின்சாரம் பாய்ந்ததும் இதயம் தன் தாளத்தை இழந்து வெறுமனே துடிதுடிக்கலாம், அப்போது ரத்தத்தைத் தள்ளாது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம்வரை குறைகிறது. அரை மணி நேரத்தில் என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உயிரை வாங்கும் நம்பிக்கைகள்

"மண்ணில் புதைத்தால் கரண்ட் இறங்கிவிடும்": இறங்குவதற்கு உடம்பில் மின்சாரம் தங்கியிருந்தால்தானே? இணைப்பு துண்டிக்கப்பட்ட அந்த நொடியே எல்லாம் முடிந்தது. புதைப்பதால் நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சுதான் அடைபடும்.

"அவனைத் தொட்டால் நமக்கும் அடிக்கும்": மெயினை அணைக்காதவரை உண்மை. அணைத்த பிறகு தாராளமாகத் தொடலாம். தொட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

"குளத்தில் மூழ்குகிறான், குதித்துத் தூக்கிவிடலாம்": தண்ணீரில் மின்சாரம் இருந்தால் தசைகள் இறுகி நீந்த முடியாமல் போகும். குதிப்பவருக்கும் அதே கதிதான். ஒரே குளத்தில் இரண்டு உயிர் போவது இப்படித்தான். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு, காய்ந்த மூங்கிலையோ பிளாஸ்டிக் பொருளையோ நீட்டுங்கள். நீந்தும்போது உடம்பு சுருசுருவென்றால் இரும்பு ஏணியைப் பிடிக்காமல் வேறு பக்கமாக வெளியேறுங்கள்.

"செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது": நனைந்த செருப்பை நம்பாதீர்கள். ஈரத்தில் உடம்பின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 வோல்ட், கிட்டத்தட்ட 230 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை உடம்புக்குள் செலுத்தும். இதயத்தை நிறுத்த அதில் பாதிகூடத் தேவையில்லை.

"மோட்டார் லேசாகத்தான் அடிக்கும், பழகிவிட்டது": இதைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. லேசாக அடிக்கும் மோட்டார் உங்களை எச்சரிக்கிறது. இன்று காய்ந்த கையோடு தொட்டதால் லேசாக அடித்தது. நாளை உங்கள் குழந்தை ஈரக் கையோடு தொடும்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை வேண்டாம்

"மூச்சு வந்துவிட்டது, கையில் சின்னக் காயம்தான்" என்று வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். காயத்தில் டூத் பேஸ்ட், மஞ்சள். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக். இரண்டு நாள் கழித்து, கோலா நிறத்தில் சிறுநீர் போகிறது என்று வருகிறார்கள். தோலில் பொட்டு அளவே காயம் இருக்கும். உள்ளே தசை வெந்திருக்கும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும் நேரத்தில், வலி மாத்திரையும் சேர்ந்து அதே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. தயவுசெய்து நீங்களாக எதையும் விழுங்காதீர்கள். மயக்கம், படபடப்பு, கை மரத்துப்போதல், சிறுநீர் நிறம் மாறுதல் இருந்தால் உடனே வாருங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஒருமுறை வந்து காட்டுங்கள். இ.சி.ஜி., ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

"எம்.சி.பி. இருக்கிறதே டாக்டர்" என்கிறார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பதற்கு. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். அது விழுவதற்குள் மனிதன் போய்விடுவான். மனிதனைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் எர்த்தும் வேண்டும். எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே ஆர்.சி.சி.பி. விழும், இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அந்த 'யாராவது' உங்கள் பிள்ளையாக இருக்க வேண்டுமா?

உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து இவற்றைச் செய்துகொள்ளுங்கள்:

- மோட்டாருக்கு முறையான எர்த் குழியிலிருந்து பச்சை ஒயர். நியூட்ரலை எர்த்தாக முறுக்கிவிடுவதும், தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவதும் கொலைக்குச் சமம்.
- ஏணி, கைப்பிடி, மோட்டார், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாவற்றையும் காப்பர் கம்பியால் ஒன்றாக இணைக்க வேண்டும்.
- தண்ணீருக்குள் எரியும் விளக்கு, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் 12 வோல்ட்டில் மட்டும்.
- குளத்தின் விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்குள் சாதாரண சுவிட்ச், பிளக் பாயின்ட் கூடாது. தரையில் கிடக்கும் டேப் சுற்றிய ஜாயின்ட் கூடவே கூடாது.

வீட்டுச் சம்ப் மோட்டாருக்கும் தோட்டத்து பம்புசெட்டுக்கும்கூட எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். குளம் வெட்டப் பல லட்சம் செலவழிக்கிறீர்கள். எர்த் குழியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். அதுவரை யாரையும் குளத்தில் இறக்காதீர்கள். இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து மணலை உறிஞ்சி எடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்துவிடாதீர்கள்.