உடனடி விடுவிப்பு, நீட்டித்த விடுவிப்பு மருந்துகளின் உறிஞ்சல் ஒப்பாய்வு

நீட்டித்த விடுவிப்பு மருந்து என்பது, தன்னுள் அடங்கிய மருந்துப் பொருளை விழுங்கியவுடன் முழுவதும் வெளிவிடாமல், பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவிடுமாறு செய்யப்பட்ட மாத்திரை அல்லது காப்சூல் ஆகும். வழக்கமான மாத்திரை இரைப்பையை அடைந்த சிறிது நேரத்திலேயே கரைந்துவிடுவதால் அது உடனடி விடுவிப்பு மருந்து எனப்படுகிறது. ஒரே மருந்துப் பொருள் இவ்விரு வடிவங்களிலும் குருதியில் எவ்வாறு சேர்கிறது என்பது பெரும்பாலும் நோயற்ற தன்னார்வலர்களைக் கொண்டே ஒப்பிட்டு அறியப்படுகிறது. மாத்திரை அட்டைகளில் மருந்தின் பெயரை அடுத்துக் காணப்படும் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். போன்ற எழுத்துகள் மெதுவாக விடுவிக்கும் வகையைக் குறிப்பன. இவ்வகையில் வணிக அளவில் வெற்றி பெற்ற தொடக்ககால மருந்துகளுள் ஒன்று, 1952 இல் அமெரிக்காவின் சிமித் கிளைன் அண்டு பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட இசுபான்சூல் என்னும் காப்சூல் ஆகும்.

அளக்கப்படுபவை

மாத்திரை கொடுத்த பின் குறிப்பிட்ட நேரங்களில் குருதி எடுக்கப்பட்டு, குருதி நீர்மத்தில் உள்ள மருந்தின் செறிவு அளக்கப்படுகிறது. நேரத்துக்கு எதிராகச் செறிவை வரைந்தால் ஏறி இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். அதிலிருந்து மூன்று அளவுகள் பெறப்படுகின்றன: செறிவு எட்டிய உச்சம், உச்சத்தை எட்ட எடுத்த நேரம், வளைகோட்டின் கீழுள்ள பரப்பு. மூன்றாவதே, உடலுக்குள் சென்ற மருந்தின் மொத்த அளவைக் காட்டுவது.

நீட்டித்த விடுவிப்பு வடிவில் உச்சம் தாழ்ந்தும், அதை எட்டும் நேரம் தள்ளியும் இருக்க வேண்டும். பரப்பு மட்டும் உடனடி வடிவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பரப்பும் மிகக் குறைந்துவிட்டால், மருந்தின் ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே குடலைக் கடந்து வெளியேறிவிட்டது என்று ஐயப்பட இடமுண்டு.

இங்கு மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உள்ளது. மெதுவாக விடுவிக்கும் மாத்திரையின் வளைகோடு நெடுநேரம் இறங்காமல் நிற்பதைக் கண்டு, மருந்தின் அரைவாழ்வுக் காலம் கூடிவிட்டது என எண்ணிவிடுகின்றனர். உடல் மருந்தை வெளியேற்றும் வேகம் மாறுவதில்லை. வெளியேறும் வேகத்தைவிட உள்ளே வரும் வேகம் குறைந்துவிட்டதால், வளைகோட்டின் இறங்குமுகம் உறிஞ்சலின் வேகத்தையே காட்டுகிறது.

நோயற்றவர்களைத் தேர்வதன் காரணம்

நோயாளியின் சிறுநீரகம், கல்லீரல், உடன் உண்ணும் பிற மருந்துகள் ஆகியவை அனைத்தும் செறிவை மாற்றக்கூடியவை. இந்த ஆய்வில் அறிய வேண்டியது மாத்திரையின் இயல்பே அன்றி நோயின் இயல்பு அன்று. எனவே நோயற்றவர்கள் சேர்க்கப்படுகின்றனர். மேலும், ஒருவரையே இரு வடிவங்களையும் வெவ்வேறு காலங்களில் உண்ணச் செய்வதால், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக அமைகின்றனர். பாதிப் பேர் ஒரு வடிவை முதலிலும், மீதிப் பேர் மற்றதை முதலிலும் உண்பர். முன்னர் உண்டது உடலை விட்டு நீங்கும்வரை, பொதுவாக அரைவாழ்வுக் காலத்தைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாத இடைவெளி விடப்படுகிறது. இம்முறையால் சிலரைக் கொண்டே முடிவு காண இயலும். ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் கோரும் குறைந்த எண்ணிக்கை 12 பேர் ஆகும்.

இத்தன்னார்வலர்களுக்கு மருந்தால் எந்த நன்மையும் இல்லை. ஊசிக் குத்தும் பக்க விளைவும் மட்டுமே மிஞ்சும். அதனால் அறநெறிக் குழுவின் ஒப்புதலும், முழு விவரம் அறிந்து தரும் இசைவும் கட்டாயமாகும்.

மெட்ஃபார்மின்

நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீட்டித்த விடுவிப்பு மெட்ஃபார்மின் ஒன்றில் உச்சச் செறிவு ஏறத்தாழ 7 மணி நேரத்தில், சிலரிடம் 4 மணியிலும் சிலரிடம் 8 மணியிலும், எட்டப்பட்டது. உடனடி வடிவில் இது ஏறத்தாழ இரண்டரை மணி நேரமே. அதே அளவு மருந்துக்கு உச்சம் சுமார் 20 விழுக்காடு தாழ்ந்திருந்தது, பரப்போ ஒத்திருந்தது.

உணவின் பங்கு இன்னும் வியப்புக்குரியது. உடனடி வடிவை உணவுடன் உண்டால் பரப்பு சுமார் 25 விழுக்காடு குறைகிறது. நீட்டித்த வடிவிலோ சுமார் 50 விழுக்காடு கூடுகிறது. ஒரே மருந்து, ஒரே உணவு, எதிரெதிர் விளைவு. மெட்ஃபார்மின் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படுகிறது. நீரில் ஊதிப் பருக்கும் பலபடிப் பொருளால் ஆன இம்மாத்திரை, உணவுடன் சேர்ந்து இரைப்பையில் நெடுநேரம் தங்கி, மருந்தை அப்பகுதிக்குச் சிறிது சிறிதாக அனுப்புகிறது. வெறும் வயிற்றில் அது விரைவில் கீழே நழுவிவிடும். இதனை இரவு உணவுடன் உண்ணச் சொல்வதன் ஒரு காரணம் இதுவே. மருந்து நீங்கிய வெற்று மாத்திரை மலத்தில் காணப்படுவதும் உண்டு. மாத்திரை வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருளன்று.

வேகமும் விளைவும்

மொத்த அளவு ஒன்றாயின் வேகத்தால் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். குருதியழுத்த மருந்தான நிஃபெடிப்பின் இதற்கு விடை தருகிறது. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்றவர்களுக்கு இம்மருந்து இருவேறு வேகங்களில் நரம்பு வழியே செலுத்தப்பட்டது. செறிவு விரைந்து ஏறியபோது இதயத் துடிப்பு கூடியது. மெதுவாக ஏறியபோது துடிப்பு மாறாமல், இதய விரிவழுத்தம் இறங்கியது. பின்னர் விரைவாகக் கரையும் நிஃபெடிப்பின் காப்சூலை உயர் குருதியழுத்தத்துக்குத் தருவது இதயத்துக்கும் மூளைக்கும் ஊறு விளைவிக்கலாம் என 1990களில் எச்சரிக்கப்பட்டது. மெதுவாக விடுவிக்கும் நிஃபெடிப்பின் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

சோதிக்கப்படாத அளவு

காப்புரிமை முடிந்த மருந்தைப் பிற நிறுவனங்கள் செய்யும்போது, இரண்டு நீட்டித்த வடிவங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. உச்சம், பரப்பு இரண்டின் விகிதத்துக்கும் கணக்கிடப்படும் 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, 80 முதல் 125 விழுக்காட்டு எல்லைக்குள் முழுவதும் அடங்க வேண்டும். மருந்து 20 விழுக்காடு குறைந்தாலும் ஏற்கப்படும் என்று இதைப் புரிந்துகொள்வது பிழை. சராசரி அவ்வளவு விலகினால் இடைவெளி எல்லையைத் தாண்டிவிடும்.

மனச்சோர்வு மருந்தான புயூப்ரோபியானின் 300 மில்லி கிராம் மாத்திரை ஒன்று, புடெப்ரியான் எக்ஸ்.எல். என்ற பெயரில் 2006 திசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டது 150 மில்லி கிராம் மாத்திரையே. உயர்ந்த அளவு வலிப்பை உண்டாக்கலாம் என்ற அச்சத்தால், சிறிய மாத்திரையின் முடிவு பெரியதற்கும் பொருந்தும் எனக் கொள்ளப்பட்டது. மாத்திரையை மாற்றிய பின் நோய் திரும்பியதாக நோயாளிகள் பலர் முறையிட்டனர். மாத்திரை ஒத்ததே என 2008 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கூறியது. பின்னர் அதுவே 24 நோயற்றவர்களிடம் 300 மில்லி கிராம் மாத்திரையைச் சோதித்தது. மூல மருந்தோடு ஒப்பிட உச்சம் 75 விழுக்காடும் பரப்பு 86 விழுக்காடும் மட்டுமே இருந்தன. 2012 அக்டோபரில் ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. முறையிட்டவர்கள் சொன்னதை அளந்து பார்க்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின.

மொத்தமாக வெளியேறுதல்

நீட்டித்த மாத்திரையில் நாள் முழுவதற்குமான மருந்து அடங்கியிருப்பதால், அதன் தடுப்பமைப்பு சிதைந்தால் உடனடி மாத்திரையைவிட அது பேரிடரானது. கடும் வலிக்கான ஐதரோமார்போனின் 24 மணி நேரக் காப்சூலான பாலடோன், 2005 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நோயற்றவர்கள் அதை 40 விழுக்காடு மதுச்சாரம் கொண்ட பானத்துடன் உண்டபோது, நீருடன் உண்டதைவிட உச்சச் செறிவு சராசரியாக ஏறத்தாழ 6 மடங்காகவும், ஒருவரிடம் 16 மடங்காகவும் உயர்ந்தது. அபினி வகை விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் முன்னரே கொடுக்கப்பட்டிருந்தமை அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதே ஆண்டு சூலையில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் இவ்வகை மருந்துகள் பலவற்றை மதுச்சாரத்தில் கரைத்துப் பார்க்கும் சோதனை கோரப்படலாயிற்று.

மதுவின்றியும் இதே நிலை நேரலாம். விழுங்க இயலாத முதியவர்க்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது வீடுகளில் வழக்கம். நீட்டித்த விடுவிப்பு மாத்திரையைப் பொடித்தாலோ மென்றாலோ, நாள் முழுவதற்குமான மருந்து ஒருங்கே வெளிப்பட்டுவிடும். நடுவில் கோடிட்ட சில மாத்திரைகளை இரண்டாக உடைக்கலாம், அவற்றையும் பொடிக்கலாகாது. விழுங்க இயலாதோர்க்கு, அதே மருந்தின் உடனடி வடிவையோ திரவ வடிவையோ மருத்துவர் பிரித்துத் தருவது உண்டு.