குளிக்க முடியாத அருவி

நியூயார்க் மாநிலம் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று மன்ஹாட்டன் கட்டடங்கள், இன்னொன்று நயாகரா. இரண்டுக்கும் நடுவே இத்தகா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகம் உள்ள ஊர். அதைச் சுற்றி நூறு அருவிகளுக்கு மேல் இருப்பதாக உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். பெரிய மலைத்தொடர் எதுவும் இல்லாத இடத்தில் இத்தனை அருவிகள் எப்படி வந்தன? போன கோடையில் குடும்பத்தோடு டாகானாக் அருவிக்கு நடந்துவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நடை. கயூகா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடையை ஒட்டி மேற்கே நடந்தால் சுமார் 1.2 கிலோமீட்டரில் அருவி. ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஐந்து வயது மகனும், ஊரிலிருந்து வந்திருந்த, முழங்கால் வலிக்கார அம்மாவும் சிரமமில்லாமல் நடந்தார்கள். நடக்க நடக்க இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்துகொண்டே போகும், கடைசியில் கிட்டத்தட்ட 120 மீட்டர் வரை. எதிரே 66 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றை விழுதாகத் தண்ணீர் விழுகிறது. நயாகராவைவிடச் சுமார் 10 மீட்டர் அதிக உயரம். தண்ணீரின் அளவில் நயாகராவுக்குப் பக்கத்தில்கூட வராது, அது வேறு விஷயம்.

"யாருப்பா இந்தச் சுவத்த இவ்ளோ நேரா வெட்டினா?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் மூன்று படியாக வருகிறது.

முதல் படி கடல். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் ஆழம் குறைந்த கடலாக இருந்தது. அதன் அடியில் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகின. சேறு களிப்பாறையானது, மணல் மணற்பாறையானது. சுவரில் ஏட்டுச்சுவடியை அடுக்கியதுபோல் தெரியும் கோடுகள் அந்தப் படிவுகள்தான். பின்னால் நிலத்தட்டுகள் நெருக்கியபோது இந்த அடுக்குகளில் நேர்க்கோட்டில் செங்குத்தான வெடிப்புகள் விழுந்தன. பாறை அந்த வெடிப்பு வழியாகவே பிளந்து விழுவதால் சுவர் கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்கிறது. வெட்டியவர் யாருமில்லை, விரிசல்தான்.

இரண்டாம் படி பனி. கடைசிப் பனியுகத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகத் தடிமனுள்ள பனிப்பாளம் வடக்கிலிருந்து இறங்கியது. வடக்கு தெற்காக ஓடிய பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் அதற்கு வாகாக அமைந்தன. அவற்றை ஆழமாகச் சுரண்டித் தள்ளியது. அப்படி உருவானவைதான் விரல்களை நீட்டி வைத்ததுபோல் கிடக்கும் ஃபிங்கர் ஏரிகள். கயூகா ஏரியின் அதிகபட்ச ஆழம் 133 மீட்டர், அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது! ஆனால் குறுக்கே வந்து சேரும் சின்ன ஓடைகளின் பள்ளங்களைப் பனி அந்த அளவுக்குத் தோண்டவில்லை. பனி உருகியபோது பெரிய பள்ளத்தாக்கு கீழே போயிருந்தது, ஓடைகள் மேலேயே தொங்கின. அப்புறம் விழாமல் என்ன செய்யும்? மலை இல்லாமலே அருவி வந்த கதை இதுதான்.

மூன்றாம் படி அருவியே. இது தொடக்கத்தில் ஏரிக்கரைக்கு அருகே விழுந்துகொண்டிருந்தது. அருவியின் உச்சியில் உள்ள பாறை சற்று உறுதியானது, அதன் கீழே இருப்பது மென்மையான களிப்பாறை. தண்ணீரும் உறைபனியும் கீழ்ப்பாறையை அரிக்க, மேல்பாறை பிடிமானமின்றி உடைந்து விழும். அருவி ஓர் அடி பின்வாங்கும். பனி விலகிச் சுமார் 12,000 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டு 1.2 கிலோமீட்டரை வகுத்துப் பார்த்தேன். ஆண்டுக்குச் சராசரி 10 சென்டிமீட்டர். ஆனால் பாறை சராசரி பார்த்து உடைவதில்லை. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் மொத்தமாக விழும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படி ஒரு பெரிய துண்டு விழுந்ததில் அருவியின் உச்சி விளிம்பே உருமாறிப்போனது.

அதாவது, நாம் நடந்து போகும் பாதை முழுக்க அருவி விட்டுப்போன தடம். நாம் பார்க்கும் அழகுக்குக் காரணமே பாறை விழுவதுதான்.

இது புரிந்த பிறகுதான் அங்கிருக்கும் பலகைகளின் அர்த்தமும் புரிந்தது. பார்வையிடும் இடத்தைத் தாண்டாதே, ஓடையில் நீந்தாதே, அருவிக்கு அடியில் போகாதே. அம்மா தென்காசிக்காரர். "குளிக்க விடாட்டா அது என்னலே அருவி?" என்றார். நியாயமான கேள்விதான். குற்றாலத்தில் வளர்ந்தவர்களுக்கு அருவி என்பது பார்க்கிற பொருள் அல்ல, தலையைக் கொடுக்கிற இடம். அங்கேயும் ஆபத்து உண்டு, அது பெரும்பாலும் மேலிருந்து திடீரென்று வரும் வெள்ளம். அங்குள்ளது உறுதியான பழம்பாறை. இங்கே ஏடு ஏடாகப் பிரியும் பாறை. வெயிலடிக்கும் தெளிவான நாளில்கூட மேலிருந்து கல் விழலாம், விழுந்து உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. ஒரு ஊர் அருவியில் பழகிய பழக்கத்தை இன்னொரு ஊர் அருவிக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். "கூடாது" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம் கண் அசரும்வரை காத்திருப்பார்கள். சுவரடியில் குவிந்து கிடக்கும் கற்களைக் காட்டி, "இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டால் அவர்களே அண்ணாந்து பார்த்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார்கள். என் மகன் நின்றான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்கு மறுநாளோ வசந்தத்திலோ போனால் தண்ணீர் நிறைய இருக்கும், கோடைக் கடைசியில் நூலாக இளைத்துவிடும். அக்கம்பக்கத்துப் பூங்காக்களின் பள்ளத்தாக்குப் பாதைகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். டாகானாக்கின் கீழ்ப்பாதை குளிர்காலத்திலும் திறந்திருக்கும். மேலே சாலையோரம் ஒரு காட்சிமேடை உண்டு, நடக்க முடியாத பெரியவர்களை அங்கே காரிலேயே கூட்டிப்போகலாம். குளித்தே தீரணும் என்பவர்களுக்கு, கோடையில் அதே பூங்காவின் ஏரிக்கரையில் காவலர் இருக்கும் நேரத்தில் இறங்க அனுமதி உண்டு. அம்மாவுக்கும் அதில்தான் சமாதானம் ஆனது.