படகில் இரண்டாவது பேட்டரி

இராமேசுவரம் விசைப்படகில் விளக்கு, ஒயர்லெஸ், ஜி.பி.எஸ். யாவும் ஒரே ஈய-அமில பேட்டரியை நம்பியிருந்தால் நடுக்கடல் இரவில் என்ன ஆகும்? அது இறங்கிவிட்டால் எஞ்சின் ‘செல்ஃப்’ எடுக்காது. 1974-இல் வகுத்த கடல் எல்லைக்கு எப்பக்கம் நிற்கிறோம் என்பதும் தெரியாது.

லித்தியம் பேட்டரி ஒன்றைக் கூடவே நேராக இணைத்துவிடலாமே என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கூடாது! பாதி இறங்கிய ஈய பேட்டரி சுமார் 12.2 வோல்ட், நிறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 13.3. வேறுபாடு 1.1 வோல்ட்தான். ஆனால் மொத்த மின்தடை 0.02 ஓம் எனக் கொண்டால், நாம் படித்த ஓம் விதிப்படி 55 ஆம்பியர் பாயும். மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். டீசல் படகில் அது விளையாட்டா?

இடையே மின்னோட்டத்தை அளந்து அனுப்பும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் அது லித்தியத்தை நிரப்பும். விளக்கும் கருவிகளும் லித்தியத்தில் ஓடட்டும். பழைய பேட்டரி எஞ்சினைக் கிளப்ப மட்டுமே.