களைப்பா, மனச்சோர்வா? நாள்பட்ட நோயும் பேறுகால மனநலமும்

நாள்பட்ட நோயோடு கருவுறும் பெண்ணுக்கு மனச்சோர்வு வந்தால், அது வந்ததே தெரியாமல் போவதுதான் பெரிய சிக்கல். தூக்கமின்மை, பசியின்மை, அசதி எல்லாம் மனச்சோர்வின் அடையாளங்கள். தைராய்டு சுரப்புக் குறைவிலும் ரத்தசோகையிலும் அசதி உண்டு. ஏழு மாத வயிற்றோடு தையல் மெஷினில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் உண்டு. சர்க்கரை சட்டென்று இறங்கும்போது வரும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் பதற்ற நோயிலும் அப்படியே வரும். "மாசமா இருந்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, கருவுறுவதற்கு முன் அண்மைக்காலத்தில் மனநலப் பாதிப்பு இல்லாத பெண்களை எடுத்துக்கொண்டது. அவர்களிலும் நாள்பட்ட நோய் இருந்தவர்களுக்குப் பேறுகால மனநலப் பாதிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. நம் பக்கம் வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு பிணக்கு, கைவேலைக்கு ஒத்தாசை இல்லாமை ஆகியவை அதற்கான காரணிகளில் சில. மூட்டுவாதமோ இதயக்கோளாறோ உள்ள பெண்ணுக்குக் கடைசிக் காரணி இன்னும் கனமானது. குழந்தையைத் தூக்கவே இன்னொரு கை வேண்டியிருக்கும்.

சென்னையில் பாடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் அருகே உள்ள மண்ணூர்பேட்டை போன்ற பகுதியில் கர்ப்பிணிக்குச் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம் உண்டு. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறை அது: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. திகட்டும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, குமட்டலை அடக்கியபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கடந்த ஒரு மாதத்தில் மனம் அடிக்கடி சோர்ந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்ற இரண்டே கேள்விகளால் முதல் சல்லடையைப் போட்டுவிடலாம்.

விரிவாகப் பார்க்க எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. 1987இல் வந்தது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள். அசதியையும் பசியையும் அது வேண்டுமென்றே விட்டுவிட்டது, பச்சை உடம்புக்காரிக்கு அவை எப்படியும் இருக்கும் என்பதால். தூக்கத்தைக்கூட, மனவருத்தத்தால் கெட்டதா என்றுதான் கேட்கிறது. நோயாளிப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அரிது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது கேள்வி. அதற்கு 'ஆம்' என்ற பதில் வந்தால் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பயம் பெரும்பாலும் மாத்திரையைச் சுற்றியே இருக்கும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது. கருவுறுமுன்பே மருத்துவர் அதை மாற்றித் தர வேண்டும். நாள் தள்ளிப்போனதும் பயத்தில் தானாக நிறுத்தினால் வலிப்பு திரும்பும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள பெண்களின் கர்ப்பங்களுக்கென்றே பதிவேடு இருக்கிறது. பெரும்பாலான தாய்மார் நலமான குழந்தைகளையே பெறுகிறார்கள். லூபஸ், ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டோ மனநிலையையே ஏற்றி இறக்கும். அதைக் குணம் மாறிவிட்டதாக வீடு எடுத்துக்கொள்கிறது.

பிரசவத்துக்குப் பின் பத்தியச் சாப்பாடும் லேகியமும் வரும். கருப்பட்டி போட்ட லேகியம் நீரிழிவுக்காரிக்கு ஆகாது. வேண்டாமென்றால் அம்மாவுக்கு மனத்தாங்கல். சாப்பிட்டாலோ மறுநாள் குளுக்கோமீட்டரில் ஏறிய எண். அதைப் பார்த்து வரும் குற்ற உணர்ச்சி சோர்வைக் கூட்டும், சோர்ந்தவர் ஊசி போட மறப்பார், சர்க்கரை இன்னும் ஏறும்.

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் தீவிர மனப்பிறழ்வு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தூங்காமல் சம்பந்தமின்றிப் பேசினால் வேப்பிலை அடித்துப் பார்க்கக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கிருமித்தொற்று, மூளை ரத்தநாள அடைப்பு போன்றவையும் இதே கோலத்தில் வரும். நாள்பட்ட நோய் உள்ளவரிடம் முதலில் அவற்றைத் தேட வேண்டும்.

சிகிச்சையில் லேசான நிலைக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே முதலிடம். மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. மனநல மருத்துவரிடம் போகத்தான் கால் வராது. சென்னையில் மனநல மருத்துவமனை இருக்கும் 'கீழ்ப்பாக்கம்' என்பதே வசவு ஆகிவிட்டது. சேர்த்துக்கொண்டு குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவே இருக்கிறது. மண்ணூர்பேட்டைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு அண்ணா நகர் மேற்கு விரிவிலேயே இருக்கிறது. வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்; கட்டணம் கிடையாது.