உங்களுக்குத் தெரியுமா? சேத்ரிக்குக் குறுக்கே நின்ற 70

2009-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் இந்தியக் கால்பந்து வீரர் சுனில் சேத்ரியை ஒப்பந்தம் செய்தது. பிரிட்டன் அரசு வேலை அனுமதி தர மறுத்துவிட்டது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லையாம்! ஆளை எடைபோட அவர் நாட்டைத் தராசில் வைத்த விதி அது. ஆலங்காயம் போன்ற ஒரு சிற்றூர்ப் பையன் எவ்வளவு பிரமாதமாக ஆடியிருந்தாலும் அந்தக் கணக்கில் தேறியிருக்கமாட்டான். திறமை இருந்தால் வழி பிறக்கும், கொரியாவின் சா பும்-குன் ஜெர்மன் லீகில் 308 ஆட்டங்களில் 98 கோல் அடிக்கவில்லையா என்று கேட்கலாம். அடித்தார்தான். ஆனால் அவர் போன 1970-களில் ஃபிஃபா தரவரிசையே கிடையாது. அது வந்தது 1992-இல்.

சேத்ரி இங்கிலாந்தில் ஆடும் தரத்தில் இல்லை என்போர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு: 2010-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி கிளப்புக்குப் போனவர் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஆனால் அதைத் தீர்மானித்தது ஆடுகளத்தில் அவரைப் பார்த்த பயிற்சியாளர், குடியேற்ற அலுவலகம் அல்ல. நார்வேயின் ஸ்டாபெக் கிளப் இன்னோர் இந்தியரான கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவைச் சேர்த்துக்கொண்டது. 2016-இல் அவர் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் கோல் காத்தார். அப்போதும் இந்தியா 70-க்கு வெளியேதான்.