பித்தோ, பேரருளோ?

‘பித்து’ என்னும் சொல் நோயையும் இறைகாதலையும் ஒருங்கே குறிக்கும். மாணாக்கர் அதன் பொருள் வினவும்போதெல்லாம் பாரிஸ் நகரத்துச் சேமக்காலை ஒன்று என் நினைவில் எழும்.

கத்தோலிக்கருள் யான்செனியர் என்னும் பிரிவினரான பிரான்சுவா த பாரி என்ற திருத்தொண்டர் 1727இல் மறைந்தார். சென் மெடார் சேமக்காலையில் அவர் கல்லறையை அடைந்தோர் பிணி நீங்கிற்றென்றனர். பின்னர்ப் பலர் மெய்துடித்து வீழ்ந்தனர். அரசின் ஏவலால் அவர்களுட் சிலரைச் சோதித்த மருத்துவர்கள், அத்துடிப்பு வேண்டுமென்றே செய்வதென்றனர். 1732 சனவரியில் சேமக்காலை மூடப்பட்டது.

மறுவருடம் பிலிப் ஹெக்கே என்னும் முதிய மருத்துவர் வேறுரைத்தார்: அது அற்புதமன்று, உடலும் கற்பனையும் கூடி விளைக்கும் இயற்கை நோயே. அவரும் யான்செனியரே என்பது வியப்பிற்குரியது! நீதிமன்றத்தவரான கரே த மோங்கெரோனோ, அஃது அருளே என நூலெழுதி, 1737இல் பதினைந்தாம் லூயி மன்னரிடம் நேரிற் கொடுத்தார். சிறைப்பட்டு, 1754இல் சிறையிலேயே மாண்டார்.

யான் மருத்துவனல்லேன், சொல்லாராய்வோன். நடிப்பென்றால் தண்டனை, நோயென்றால் இரக்கம், அருளென்றால் வணக்கம். துடித்த உடல் ஒன்றே. அதற்கிட்ட பெயரே அவ்வேழையர் விதியாயிற்று. பெயரிடுமுன் அன்பர்கள் சற்றே தயங்குவாராக.